இடுப்பளவுக் கடல்

பிப்ரவரி 2

இது ஐஸ் கம்பெனி முதலாளி கொடுத்த டைரி. போன வருசத்தது. கிழமை தப்பாக இருக்கும், தேதி சரி. டைரி எழுதுவது பெரிய மனிதர்கள் செய்கிற காரியம். நான் ஆறாம் வகுப்பில் அரையாண்டு வரை படித்தவன், ஆனால் அந்த அரையாண்டில் கற்றதை வைத்துத்தான் இந்தக் கரையில் இன்றுவரை பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கை பிலோமினாவின் மகள் ஜெசிந்தா கடல் ஆராய்ச்சி படிக்கிறாள். முடித்தால் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதைவிடப் பெரியது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆறு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறாள். கடற்புல்லில் வாழ்கிற ஒரு குட்டிக் கணவாய் இருக்கிறதாம், முழு வளர்த்தியே நகத்தளவுதானாம். அது எப்படிச் சேருகிறது, எங்கே முட்டையிடுகிறது, எப்போது சாகிறது என்று எழுத வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, புல் இருக்கிறது, கணவாய் மட்டும் இல்லை. இரண்டு மாதமாகத் தேடியும் கிடைக்கவில்லை. இப்போது பார்த்து அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை.

ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினேன். எனக்கு அம்மை பயமில்லை, சின்ன வயதிலேயே பத்துத் தடவை போட்டிருக்கிறது.

"மாமா, மூணு வாரம் நீங்கதான் பாத்துக்கணும்" என்று ஒரு நீல நோட்டை ஜன்னல் வழியே நீட்டினாள். நாள், இடம், ஆழம், எண்ணிக்கை என்று கட்டம் போட்ட நோட்டு. "கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க."

"நான் என்னைக்கும்மா பாக்காததைச் சொன்னேன்?"

உள்ளே பிலோமினா சிரிக்கிற சத்தம் கேட்டது. இருமினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நீல நோட்டின் கட்டம் சின்னது. நம் விஷயங்கள் அதில் அடங்காது. அதனால்தான் இந்த டைரி.

பிப்ரவரி 3

அவள் படகு வைத்து, வலை வைத்து, இரண்டு மாதம் தேடியதை நான் ஒரே காலையில் கொண்டுவந்தேன். பதினொரு கணவாய். வாளியைப் பார்த்த பிலோமினா, "இதுல தூசிதானே அண்ணே இருக்கு" என்றாள். கிட்டே குனிந்து பார்த்த பிறகு தூசிக்குக் கண் இருப்பது தெரிந்து வாயை மூடிக்கொண்டாள்.

ஜன்னலில் ஜெசிந்தா கேட்டாள். "எங்கே மாமா கெடச்சுது?"

"கோரைமுனைக்கு வடக்கே. நாலு பாகம் ஆழம். மூச்சடக்கி முங்கினேன்."

"அங்கே நான் தேடினேனே."

"தேடுற கண்ணு வேணும் தாயி."

நீல நோட்டிலும் அப்படியே எழுதினேன். இடம்: கோரைமுனை. ஆழம்: நாலு பாகம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்; என் கைக்கு ஒரு பாகம் மற்றவர்களுக்கு ஒன்றேகால்.

இடம் கோரைமுனை இல்லை. கடல்காரன் பட்ட இடத்தைச் சொல்ல மாட்டான். வடக்கே பட்டால் தெற்கே என்பான், கிழக்கே பட்டால் வலையே போடவில்லை என்பான். இது பொய்யில் சேராது, கரையில் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. அந்த இடத்தை எங்கப்பா சாகும்போது என் காதில் மட்டும் சொன்னார். இந்த ஊரிலேயே பெரிய நண்டு என் கையில்தான் வருகிறது என்றால் சும்மாவா. ஆறு பாகத்தில் முங்கிப் பிடிக்கிறேன் என்று ஊர் நம்புகிறது. ஊரின் நம்பிக்கையைக் கெடுக்க நான் யார்.

வந்ததும் பிலோமினா என் கைலியைப் பிழிந்து போட்டாள். "நாலு பாகம் முங்கினவருக்குத் தலை காஞ்சே இருக்கு" என்றாள். காற்று நல்ல காற்று என்றேன்.

பிப்ரவரி 5

கணவாய் என்றால் நீந்திக்கொண்டே இருக்கும் என்று நினைப்போம். இவை அப்படி இல்லை. புல்லின் அடிப்பக்கம் போய் முதுகை ஒட்டிக்கொண்டு மல்லாக்கத் தொங்குகின்றன. முதுகில் பசை இருக்கிறது. அலைக்குப் புல் ஆடினால் கூட ஆடும், விழாது. ஒரு கூனி இறால் பக்கத்தில் வந்ததும் மெல்லக் கழன்று, கையை நீட்டிப் பிடித்து, மறுபடி அதே இடத்தில் ஒட்டிக்கொண்டது. கூனி அதைவிடப் பெரிசு. இதுமாதிரி ஒரு சுறாவை நான் ஒற்றைக் கையால் பிடித்த கதையை ஜெசிந்தாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "மாமா, கூனி எத்தனை தின்னுச்சு?" என்று கேட்டுவிட்டாள். ஏழு என்றேன். அது நிஜம்.

பிப்ரவரி 8

இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசனை.

கடைசியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னேன். "ஆறாம் தொட்டியில கல்யாணம் நடந்துது."

"மாமா, இது ஆராய்ச்சி. விவரமாச் சொல்லுங்க."

சொன்னேன். ஆண் பொடிசு, பெண் பெரிசு. பெண் பாட்டுக்குப் புல்லில் ஒட்டிக் கிடக்கிறாள். ஆண் கண்ணிமைக்கிற நேரத்தில் பாய்ந்து வந்து அவள் கைகளின் அடியில் வெள்ளை நூல் துணுக்கு மாதிரி எதையோ ஒட்டிவிட்டு ஓடிவிடுகிறான். அவ்வளவுதான், தாலி கட்டுகிற நேரம்கூட இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். பெண் வாயை நீட்டி, அந்தத் துணுக்குகளில் சிலதைக் கவ்வி இழுத்துத் தண்ணீரில் துப்பிவிட்டாள்.

நம்ப மாட்டாள் என்று நினைத்தேன்.

"எத்தனை துணுக்கு மாமா? எத்தனையைத் துப்புச்சு?"

"ஒட்டினது அஞ்சு. துப்பினது மூணு."

"படிச்சிருக்கேன். நேர்ல பாத்ததில்லை" என்றாள். "யாரோட பிள்ளை வேணும்னு அதுவே முடிவு பண்ணுது மாமா."

பிலோமினா உள்ளேயிருந்து, "புத்திசாலி" என்றாள். அவள் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்குப் போய்ப் பதினாலு வருசம் ஆகிறது.

பிப்ரவரி 9

முட்டை. புல்லில் ஒவ்வொன்றாக, வரிசை பிடித்து, கண்ணாடி மணி பதித்த மாதிரி. நாற்பத்தேழு. மூன்று தரம் எண்ணினேன். முதல் தரம் நாற்பத்தாறு, என் தப்பு.

பிப்ரவரி 12

ஆறாம் தொட்டியின் பெரியவள் மறுபடி முட்டையிட்டாள். முப்பத்தொன்பது. ஜெசிந்தாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு. இன்னும் வெளியே விடவில்லை.

பிப்ரவரி 15

பெரியவள் செத்துப்போனாள். நேற்று சாயங்காலம்வரை கூனி பிடித்தாள். காலையில் வெள்ளையாகித் தரையில் கிடந்தாள். முட்டையிட்டு முடித்தால் அவ்வளவுதான், மொத்த ஆயுசே மூன்று நாலு மாதம் என்று ஜெசிந்தா முன்னாலேயே சொல்லியிருந்தாள். இருந்தாலும் பழகிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் புதைத்தேன். தீக்குச்சியால் தோண்டினாலே போதுமாக இருந்தது.

எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்றைக் குறைத்தேன்.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு தவக்காலத்துக்குச் சுருட்டை விட்டேன். நாளைக்கு ஐம்பது சுருட்டு பிடிக்கிறவன் விடுவது லேசில்லை.

"சுருட்டோட சேத்து வாயையும் கொஞ்சம் விடுண்ணே" என்றாள் பிலோமினா.

டீக்கடையில் மரியசூசை ஒரு செய்தி சொன்னான். அவன் எனக்கு மச்சான் முறை, என் நண்டைக் கண்டால் வயிறு எரிகிறவன். புது இறங்குதளத்துக்குப் படகு வர ஆழ வாய்க்கால் வெட்டப் போகிறார்களாம். இரண்டு வழி பார்த்திருக்கிறார்கள். ஒன்று வடக்கே கோரைமுனை. இன்னொன்று தெற்கே ஓலைத்திட்டு. வழியில் இருக்கிற புல்லையெல்லாம் இயந்திரம் வாரிக்கொண்டு போகும்.

"ஓலைத்திட்டுல என்ன இருக்கு மச்சான், ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி முள்ளும் சிப்பியும். ஆடு கூட இறங்காது" என்றான்.

ஆமாம் என்றேன். டீயில் சர்க்கரை போதவில்லை.

பிப்ரவரி 20

பொரிந்துவிட்டது. நாற்பத்தேழில் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் கடுகில் பாதி, அதற்குள் கண், அதற்குள் மை. ஜெசிந்தா முதல் தடவையாகக் கொட்டகைக்கு வந்தாள். முகமெல்லாம் தழும்பு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குனிந்தபடி நின்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து, "மாமா, நீங்க இல்லேன்னா இது இல்லை" என்றாள். ஆமாம் என்று சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

அப்போது அவளே சொன்னாள். "வாய்க்கால் விஷயமா நாலு நாளைக்கு முன்னாடி மீன்வளத்துறைக்கு மெயில் போட்டுட்டேன். உங்க நோட்டுல உள்ளதை எல்லாம் எழுதி, கோரைமுனையைத் தொடாதீங்க, அங்கே கணவாய் முட்டையிடுதுன்னு. ஒத்துக்கிட்டாங்க மாமா. வழியைத் தெற்கே திருப்பிட்டாங்க. ஓலைத்திட்டு வழியா. இருபத்தேழாம் தேதி ஊர்க் கூட்டம், ஆட்சேபனை இல்லேன்னா முடிஞ்சுது."

ரொம்ப நல்லது என்றேன். சுருட்டு ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 21

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22

வழி கண்டுபிடித்துவிட்டேன். இந்த மூளைக்கு ஆறாம் வகுப்பே அதிகம். நான் சொன்னது பொய்யாக இருந்தால்தானே தொல்லை. கோரைமுனையில் கணவாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் சொன்னது நிஜமாகிவிடும்.

காலையில் அந்த இடத்துக்குப் போய்ப் பத்தொன்பது கணவாய் அள்ளினேன். இரண்டு வாளி. மரியசூசையின் வள்ளத்தை இரவல் கேட்டேன். என் வள்ளத்துக்கு இஞ்சின் இல்லாமல் இரண்டு வருசம் ஆகிறது. மரியசூசை வாளியை எட்டிப் பார்த்து, "கடல் தண்ணியைக் கடலுக்குக் கொண்டு போறீங்களா மச்சான்?" என்றான். வைத்தியத்துக்கு என்றேன்.

கோரைமுனையில் விட்டேன்.

பிப்ரவரி 24

கோரைமுனையில் ஒன்றுகூட இல்லை. அங்கே புல் விரல் நீளம்தான், ஊசி மாதிரி. ஒட்டிக்கொள்ள அகலம் இல்லை. அதைச் சுற்றி, அசைகிற எதையும் விழுங்குகிற கீச்சான் மீன் கூட்டம் திரிகிறது. பத்தொன்பதும் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துப் புல் ஆள் கை நீளம், இரண்டு விரல் அகலம். எங்கப்பா அதை வாழைப்பட்டை என்பார். அது இருந்தால்தான் அவை இருக்கும்.

நிஜத்தைப் பொய்யாக்கத் தெரிந்த எனக்குப் பொய்யை நிஜமாக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 25

குஞ்சு எல்லாம் போயிற்று. நேற்று பதினேழு இருந்தது, இன்று காலை மூன்று, மத்தியானம் இல்லை. என் தப்பு என்று நினைத்து ஜெசிந்தாவிடம் போய் நின்றேன்.

"உங்க தப்பு இல்லை மாமா. தொட்டியில அதுக்கு இரை கொடுத்து வளர்க்க நம்மால முடியலை. கடல்தான் வளர்க்கணும்." பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "அதான் அந்தப் புல் முக்கியம். நல்ல வேளை, கோரைமுனை தப்பிச்சுது. இல்லேன்னா இத்தனை நாள் பாத்ததுக்கு என்ன அர்த்தம்?"

நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். தண்ணீர் மாற்றணுமா என்று கேட்டுவிட்டு மறுபடி போனேன்.

பிப்ரவரி 27

கூட்டம் பள்ளிக்கூடத்தில். ஐநூறு பேர். அதிகாரி ஒரு அம்மா, சுருக்கமாகப் பேசுகிறவர். வரைபடத்தை விரித்து ஓலைத்திட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "யாருக்காவது ஆட்சேபனை உண்டா?"

எழுந்து நின்றேன். நின்ற பிறகு உட்கார முடியவில்லை.

"அந்தக் கோடு தப்பும்மா. கணவாய் இருக்கிறது கோரைமுனையில இல்லை. ஓலைத்திட்டுல."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அதிகாரியம்மாவின் பென்சிலைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"நோட்டுல கோரைமுனைன்னு இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான். இடத்தை மாத்தி எழுதினேன். எங்க பழக்கம்."

"ஆழம் நாலு பாகம்னு இருக்கு. ஓலைத்திட்டுல ஏது நாலு பாகம்?"

"இல்லைம்மா."

"அப்போ எவ்வளவு?"

இந்தக் கேள்விதான். எங்கப்பா காதில் சொன்னதை, நாற்பது வருசமாக நான் ஆறு பாகம் என்று சொல்லி வளர்த்ததை, மரியசூசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்.

"இடுப்பளவு" என்றேன்.

அப்புறம் மரியசூசை மெதுவாக, "அப்போ அந்த நண்டு?" என்றான்.

"அதுவும் அங்கேதான்."

பள்ளிக்கூட ஓடு பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். மரியசூசை நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி" என்று ஒவ்வொருவரிடமும் திரும்பித் திரும்பிச் சொன்னான், கேட்டவர்களிடமே.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. நீல நோட்டை மூடினார். "இடமும் ஆழமும் பொய்னா இந்த நோட்டுல மத்ததை எப்படி நம்புறது? எண்ணிக்கை, முட்டை, எல்லாத்தையும் ஒதுக்க வேண்டியதுதான்."

இடத்தை மட்டும்தான் நினைத்து எழுந்தேன். ஜெசிந்தாவின் நாற்பத்தேழு முட்டையும் அதோடு போகும் என்று தோன்றவே இல்லை.

ஜெசிந்தா எழுந்தாள். முகத் தழும்பு சிவந்திருந்தது. என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"மேடம், எண்ணிக்கை எல்லாம் நிஜம். எங்க மாமா பொய் சொன்னா ரவுண்டான எண்ணாத்தான் சொல்வார். அம்மை பத்துத் தடவை. சுருட்டு ஐம்பது. இங்கே யாரை வேணா கேளுங்க. நாற்பத்தேழுன்னு, முப்பத்தொன்பதுன்னு அவர் ஆயுசுல சொன்னதே இல்லை. எண்ணிப் பாத்தாத்தான் அந்த மாதிரி எண் அவர் வாயில வரும்." என் பக்கம் திரும்பினாள். "நாலு பாகம்னு எழுதினப்பவே நான் யோசிச்சிருக்கணும். என் தப்பு."

பின்னால் பிலோமினா, "உண்மைங்கம்மா" என்றாள். மரியசூசை தரையிலிருந்தே கையைத் தூக்கி, "நானும் சாட்சி" என்றான்.

இது அவமானமா பெருமையா என்று அந்த இடத்தில் பிடிபடவில்லை. பெருமை என்று வைத்துக்கொண்டேன்.

அதிகாரியம்மா செருப்பைக் கழற்றினார். "காட்டுங்க."

ஊரே பின்னால் வந்தது. நான் முன்னால் நடந்தேன், ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி, முள் எங்கே, சிப்பி எங்கே என்று காட்டிக்கொண்டே. இடுப்பளவில் நின்று குனிந்து ஓர் இலையை மெதுவாகப் புரட்டினேன். அடியில் ஒருத்தி முதுகை ஒட்டிக்கொண்டு மல்லாக்கத் தொங்கினாள். பக்கத்து இலையில் முட்டை. அதிகாரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் மூக்குப் படுகிற அளவுக்குக் குனிந்தார். கணவாய் அவரைப் பார்த்தது, நிறம் மாறியது, நகரவில்லை.

"எத்தனை முட்டை இருக்கும்?" என்று என்னைக் கேட்டார். ஜெசிந்தாவை இல்லை, என்னை.

"இருங்கம்மா, எண்ணிடறேன்."

ஐம்பத்திரண்டு. கரைக்கு ஏறியதும் வரைபடத்தில் சிவப்புக் கோட்டை அழித்தார். வாய்க்கால் வடக்கேயே போகும்.

பிப்ரவரி 28

காலையில் ஓலைத்திட்டில் பதினாலு பேர் நண்டு பிடிக்க நின்றார்கள். எங்கப்பாவின் இடம். "பாத்து மச்சான், ஆறு பாகம், முங்கிடாதீங்க" என்றான் மரியசூசை. புல்லை மிதிக்காமல் ஓரமாக நடக்கச் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மரியசூசை கூப்பிட்டான். கையில் ஓர் இலையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். "மச்சான், இது உங்க ஆளுங்களா?"

போய்ப் பார்த்தேன். முட்டைக்குள்ளே கண் தெரிந்தது. ஆமாம் என்றேன். இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, தன் வலையைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் தள்ளி வந்தான். மற்றவர்களையும் வரச் சொல்லிக் கத்தினான்.

மார்ச் 1

ஜெசிந்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று வந்து நீல நோட்டை மடியில் வைத்தாள். "நீங்களே அடிச்சுத் திருத்துங்க மாமா. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அளவுகோலை எடுத்துக்கொண்டு காலையும் மத்தியானமும் ஓலைத்திட்டில் நின்றுவிட்டு வந்திருந்தேன். கோரைமுனையை அடித்தேன். நாலு பாகத்தை அடித்தேன். எழுதினேன்.

இடம்: ஓலைத்திட்டு, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால். ஆழம்: தண்ணீர் வற்றும்போது இரண்டடி ஏழு அங்குலம், ஏறும்போது மூன்றடி பதினொன்று. அளந்தது: சந்தியாகு.

கூட்டத்துக்கு ஐநூறு பேர் வந்ததாக இருபத்தேழாம் தேதி எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நாற்காலியே அறுபத்துமூன்றுதான்.